தினசர்யா (ஆயுர்வேத அன்றாட ஒழுக்கம்) மொத்தத்தையும் ஒரே நாளில் தொடங்கினேன், மூன்று வாரத்தில் சளி. எங்கே தப்பு?

மழைக்குடை:
வணக்கம். வயது 36, உட்கார்ந்தே செய்யும் வேலை, இரண்டு வருடமாக வயிற்று உப்புசம், சரியான தூக்கமில்லை. ஆயுர்வேத தினசர்யா பற்றி வரிசையாக நாலைந்து காணொளி பார்த்துவிட்டு ஒரு திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஒன்றாக ஆரம்பித்தேன். 4.30க்கு எழுந்து ஒரு சொம்பு தண்ணீர், நாக்கு வழிப்பது, நல்லெண்ணெயில் வாய் கொப்பளிப்பது, மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய், தலையிலிருந்து கால்வரை எண்ணெய் தேய்த்துக் குளியல், அப்புறம் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி. படுப்பது மட்டும் பழையபடி ராத்திரி 12 மணிக்கு. மூன்றாவது வாரம் சளி பிடித்தது, மூக்கடைப்பு இன்னும் விடவில்லை, பகலில் மீட்டிங்கில் கண் சொருகுகிறது. வீட்டில் சிரிக்கிறார்கள். "உடம்பு கழிவை வெளியே தள்ளுகிறது, பயப்படாதீர்கள்" என்று ஒரு காணொளியில் சொன்னார்கள், நம்பலாமா?

இன்னொரு குழப்பம். ஐப்பசி மழை இங்கே கொட்டித் தீர்க்கிறது. என்னிடம் இருக்கும் ருதுசர்யா (பருவத்துக்கேற்ற ஒழுக்கம்) அட்டவணையோ இந்த மாதத்துக்கு சரத் ருது (மழைக்குப் பிந்தைய பருவம்), வெயில் காலம், பித்தம் ஏறும், குளிர்ச்சியாகச் சாப்பிடு என்கிறது. எதைக் கேட்பது?

வைத்தியசாலை ஜன்னல்:
கழிவும் இல்லை ஒன்றும் இல்லை, சளி சளிதான். நான் ஆயுர்வேதம் படித்து மருத்துவம் பார்க்கிறவள், அதனால் நூலில் இருப்பதையே சொல்கிறேன். அஷ்டாங்க ஹ்ருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூலில் சூத்திர ஸ்தானம் என்ற முதல் பகுதியின் 2ஆம் அத்தியாயம் தினசர்யா, 3ஆம் அத்தியாயம் ருதுசர்யா. பிரம்ம முகூர்த்தத்தில் எழச் சொல்லும் அந்த முதல் வரியிலேயே "ஸ்வஸ்தன்", அதாவது ஆரோக்கியமாக இருப்பவன் என்று ஒரு சொல் இருக்கிறது, காணொளிக்காரர்கள் அதை விழுங்கிவிடுகிறார்கள். ஒரு முகூர்த்தம் 48 நிமிடம், சூரியன் 6 மணிக்கு உதித்தால் பிரம்ம முகூர்த்தம் சுமார் 4.24 முதல் 5.12 வரை. 12க்குப் படுத்து 4.30க்கு எழுகிறவருக்கு அது முகூர்த்தம் இல்லை, தூக்கத்தைத் திருடுவது.

எண்ணெய் தேய்ப்பதும் அப்படித்தான். தினமும் தேய்க்கச் சொல்லும் அதே இடத்தில் கபம் மிகுந்தவர், அஜீரணம் உள்ளவர், வாந்தி பேதி சிகிச்சை முடித்தவர் தேய்க்கக் கூடாது என்றும் இருக்கிறது. உங்களுக்கு உப்புசம் முன்பே இருந்தது, இப்போது சளியும் சேர்ந்துவிட்டது, ஆக விலக்கில் இரண்டு உங்களிடமே. எண்ணெய் பிடிக்கிறதென்றால் சளி விட்டபின் தலை, காது, பாதம் இந்த மூன்றில் இருந்து ஆரம்பியுங்கள், நூலும் அவற்றைத்தான் தனியாக எடுத்துச் சொல்கிறது. தலைக்கு ரொம்பச் சூடான தண்ணீர் வேண்டாம், முடிக்கும் கண்ணுக்கும் ஆகாது என்பது அதன் கணக்கு. உடற்பயிற்சி பாதி பலம்தான், வாயால் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும், அதுவும் குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும் சொன்னது, மற்ற காலங்களில் அதைவிடக் குறைவு.

மூக்கு எண்ணெயை முதலில் நிறுத்துங்கள். சரகர் பெயரில் உள்ள பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை, அணு தைலம் என்ற மூக்கு எண்ணெயை விடச் சொல்வது வருடத்தில் மூன்று பருவங்களில், அதுவும் மேகமில்லாத தெளிந்த வானம் இருக்கும்போது. நீங்கள் அடைமழையில் அடைத்த மூக்கில் விட்டிருக்கிறீர்கள்!

அட்டவணைக்கு வருகிறேன். அந்த ஆறு ருதுக்களும் வடக்கே ஆடி ஆவணியில் மழை கொட்டி, அது ஓய்ந்து சுள்ளென்று வெயில் அடிக்கும் ஊர்களை வைத்துச் சொன்னவை. மழையில் சேர்ந்த பித்தம் அந்த வெயிலில் கிளம்பும், அதற்காகத்தான் சரத்தில் குளிர்ச்சியான உணவு. நமக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மாதப் பெயரை விட்டுவிட்டு வானத்தைப் பாருங்கள். மழைக்காலத்தில் செரிமானத் தீ மந்தம், ஆகவே பழைய அரிசி, கொதிக்கவைத்த தண்ணீர், சூடாக அளவாகச் சாப்பாடு, பகல் தூக்கம் வேண்டாம், உடம்பைப் போட்டு வருத்தவும் வேண்டாம். உங்கள் உப்புசத்துக்கும் இதுதான் பொருந்தும். ராத்திரித் தயிர் இருந்தால் அதையும் விடுங்கள். மூக்கடைப்பு இன்னும் இழுத்தால், அல்லது காய்ச்சல் வந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

எண்ணெய்ச்சட்டி:
தம்பி, டாக்டரம்மா சொன்னது சரி. தினமும் தலைமுழுக்கு என்பது நம் பக்கத்துப் பழக்கமே இல்லை. சித்தர் தேரையரின் பிணியணுகா விதியில் கூட நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்றுதான் இருக்கிறது. எங்கள் வீட்டில் வாரம் ஒன்று, அதுவும் மழை விடாமல் பெய்கிற வாரம் கிடையாது, யாருக்காவது மூக்கு உறிஞ்சினால் கிடையாது. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று வெயிலில் அலைய விடமாட்டார்கள், பகலில் படுக்கவும் விடமாட்டார்கள், என் மாமியார் கம்போடு உட்கார்ந்திருப்பார் என்று வைத்துக்கொள். குளியலறைத் தரையில் சீயக்காய்த் தூள் தூவிக் கழுவிவிடு, எண்ணெய் வழுக்கி இடுப்பு முறிந்தால் வாதம், பித்தம், கபம் என்ற எந்த தோஷமும் சமனாகாது.

ராப்பணி:
நான் செவிலியர், வாரத்தில் மூன்று இரவுப்பணி. பிரம்ம முகூர்த்தத்தில் நான் ஊசி போட்டுக்கொண்டிருப்பேன், எனக்கு யாரும் தினசர்யா எழுதவில்லை. நானாகப் பிடித்துக்கொண்டது இரண்டே: எத்தனை மணிக்கு எழுந்தாலும் முதல் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதில்லை, சிறுநீரையும் மலத்தையும் அடக்குவதில்லை. அடக்கக் கூடாத வேகங்கள், அதாவது உடம்பின் இயற்கை உந்துதல்கள் என்று சரகரே பதின்மூன்று சொல்லியிருக்கிறார், எங்கள் வார்டில் பாதிப் பேர் முதல் இரண்டிலேயே தோற்போம். மூக்கில் எண்ணெய் விஷயத்தில் ஒன்று: படுத்துக்கொண்டு நிறைய விட்டு அது நுரையீரலுக்குள் போனால் ஒருவகை நிமோனியாவே வரலாம். சொந்தமாகச் செய்து பார்க்கிற காரியம் இல்லை அது. சர்க்கரைக்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மூலிகைப் பொடி எதையும் கேட்காமல் சேர்க்கவும் வேண்டாம்.

மழைக்குடை:
எல்லோருக்கும் நன்றி, நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன். மூக்கு எண்ணெய், உடம்பு எண்ணெய், 4.30 எல்லாம் நிறுத்தம். நாக்கு வழிப்பதும் சூடான ராத்திரிச் சாப்பாடும் மட்டும் இருக்கட்டும். ஒரே கேள்வி டாக்டர், ராத்திரி 12 மணிக்குப் படுப்பதை நாளையிலிருந்தே 10 மணி ஆக்கிவிடலாமா?

வைத்தியசாலை ஜன்னல்:
மறுபடியும் அதே திங்கட்கிழமை புத்தியா! பழகிப்போன தப்பைக் கால் கால் பங்காக விடு என்கிறது சரகம். பருவம் மாறும்போதும் பழையதன் கடைசி 7 நாள், புதியதன் முதல் 7 நாள், இந்த இடைவெளியில் மெல்ல மெல்ல மாற்று என்கிறது அஷ்டாங்க ஹ்ருதயம். இந்த வாரம் 11.30, அது பழகினால் அடுத்தது. எழுவது அதற்கேற்ப தானாக முன்னே வரும், அலாரத்தோடு சண்டை போட வேண்டாம்.

எண்ணெய்ச்சட்டி:
மழை விட்டதும் இங்கே வந்து சொல், எந்த எண்ணெய், எவ்வளவு நேரம் ஊறவேண்டும் என்று அப்போது பேசலாம்.