புதுப்பிப்பு: ஐவிஎஃப்-க்கு முன் கணவர் பக்கம்

ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும் சிகிச்சை) தொடங்குமுன் ரசாயனங்களைத் தவிர்க்க வேண்டியது மனைவி மட்டும்தானா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

அதன்பிறகு நிறையப் படித்தேன். பாஸ்டனில் 2004-இல் தொடங்கிய எர்த் என்ற கருவுறுதல் ஆய்வு, சிகிச்சைக்கு வந்த கணவர்களின் சிறுநீரையும் சோதித்தது. சோஃபா நுரையில் சேர்க்கும் தீத்தடுப்பு ரசாயனத்தின் எச்சம் ஆணிடம் கூடுதலாக இருந்தபோது, கருமுட்டை கருவுறும் விகிதம் குறைந்திருந்தது. இது தொடர்பு மட்டுமே, நிரூபணமான காரணம் அல்ல. ஆனாலும் மருத்துவமனையில் கேள்விப் பட்டியல் முழுக்கப் பெண்ணிடமே நீட்டப்படுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். பிளாஸ்டிக்கிலும் வாசனைப் பொருட்களிலும் இருக்கும் தாலேட், பிளாஸ்டிக்கில் இருக்கும் பிபிஏ போன்ற ரசாயனங்கள் ஓரிரு நாளில் வெளியேறிவிடும். தினமும் திரும்ப உள்ளே வருவதுதான் சிக்கல். அதனால் சிகிச்சைக்கு மூன்று மாதம் முன்பே என் கணவரும் பிளாஸ்டிக்கில் உணவைச் சூடாக்குவதை நிறுத்திவிட்டார், வாசனைத் திரவியத்தையும்தான். வேலையிடத்தில் பூச்சிமருந்து, கரைப்பான் புழங்குபவர்கள் அதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.