தாடி வைத்தவர் 'ஆன்ட்டி' என்று கூப்பிட்ட நாள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

குழந்தைகள் கூப்பிடுவதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பள்ளிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுக்காரர்கூட ஆன்ட்டிதான், அங்கிள்தான். நான் கேட்பது வேறு. முகம் நிறையத் தாடி வைத்த, நன்றாக வளர்ந்த ஓர் ஆள், கூட்டமான பஸ்ஸில் எழுந்து நின்று, "ஆன்ட்டி, நீங்க உட்காருங்க" என்றார். எனக்குப் பின்னால் யாரோ பெரியவர் நிற்கிறார் போல என்று திரும்பிப் பார்த்தேன். அங்கே கம்பிதான் இருந்தது.

சரி, உட்கார்ந்தேன். ஜன்னலோர இடம், நல்ல காற்று. அந்தத் தம்பிக்கு மனமார நன்றி. அந்தச் சொல் ஏன் அப்படித் தூக்கிவாரிப் போட்டது என்று பிறகு தேடிப் படித்தேன். டென்மார்க் மக்களிடம் நடத்தி 2006இல் வெளியான ஓர் ஆய்வு கிடைத்தது. நாற்பதைத் தாண்டியவர்கள் தங்களை உண்மையான வயதைவிடச் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு இளையவர்களாகவே உணர்கிறார்களாம். ஐம்பது வயதுக்காரர் உள்ளுக்குள் நாற்பதில் இருக்கிறார். வெளியே பார்ப்பவருக்கு ஐம்பதுதானே தெரியும்?

உங்களுக்கு எப்போது, எப்படித் தெரிந்தது? எழுதுங்கள்.

* * *

எனக்கு ஃபோன் சொன்னது. பழைய நண்பர்கள் கூடியிருந்தோம். ஒருவர் மகளின் படத்தைக் காட்ட ஃபோனைக் கொடுத்தார். வாங்கிய ஒவ்வொருவரும் ஒரே மாதிரி கையை நீட்டினார்கள், தலையைப் பின்னுக்கு இழுத்தார்கள், புருவத்தைத் தூக்கினார்கள். யாரும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. கடைசியில் ஒருத்தி பையிலிருந்து படிக்கிற கண்ணாடியை எடுத்தாள். ஃபோனோடு சேர்ந்து அந்தக் கண்ணாடியும் மேசையைச் சுற்றி வந்தது. அத்தனை பேர் மூக்கிலும் அது உட்கார்ந்து எழுந்தபோது நாங்கள் சிரித்த சிரிப்பு, கல்லூரிக் காலத்துச் சிரிப்பேதான்.

இதில் யாருடைய கண்ணும் கெட்டுப்போகவில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளமையில் நெகிழ்வாக இருக்கும். கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் தடித்துக்கொடுக்கும். வருடம் ஆக ஆக அது இறுகிக்கொண்டே வருகிறது. பத்து வயதுப் பிள்ளை பத்து சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் வைத்துக்கூட எழுத்தைப் படித்துவிடும். அறுபதில் அந்தத் தூரம் ஏறக்குறைய ஒரு மீட்டர். நாற்பதுகளின் நடுவில் நம் கை நீளம் போதாமல் போகிறது, அவ்வளவுதான். இது உலகத்தில் எல்லோருக்கும் வருகிறது. பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் 1785இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியில் இரண்டு பாதி வைத்துக்கொண்டதை எவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறார்! நாற்பது தாண்டியவர்கள் தள்ளிப்போடாமல் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எழுத்து பளிச்சென்று தெரியும்போது வருகிற நிம்மதியே தனி.

* * *

நல்ல அட்டைப் பெட்டி ஒன்றைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. "இது எதுக்காவது ஆகும்" என்று வாய்விட்டே சொன்னேன். அச்சு அசல் அப்பாவின் குரல்.

* * *

கண்ணாடி அக்கா சொன்னதோடு என் முழங்காலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தரையில் உட்கார்ந்து மகனோடு விளையாடிவிட்டு எழுந்தேன். முழங்கால் 'டக்' என்றது. கூடவே என் வாயிலிருந்து "அப்பாடா". மகன் அண்ணாந்து பார்த்து, "அப்பா, எது சத்தம் போட்டது, நீயா காலா?" என்றான். பதில் சொல்ல முடியாத நல்ல கேள்வி.

அந்த 'டக்' பல பேரைப் பயமுறுத்துகிறது. வலியோ வீக்கமோ இல்லாமல் வெறும் சத்தம் மட்டும் என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும்போது இப்படிச் சத்தம் வருவதுண்டு. அமெரிக்காவில் டொனால்ட் அங்கர் என்ற மருத்துவர், நெட்டி முறித்தால் மூட்டு தேய்ந்துவிடும் என்று சின்ன வயதில் கேட்ட எச்சரிக்கையைச் சோதிக்க, அறுபது வருடம் ஒரு கையில் மட்டும் நெட்டி முறித்தார். இரண்டு கைகளுக்கும் வித்தியாசமே இல்லை. 2009இல் அவருக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்கவைத்து, பிறகு சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தருகிற பரிசு அது. அந்த மனிதர் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை.

"அப்பாடா"தான் கவனிக்க வேண்டிய விஷயம். முப்பதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு ஒருமுறை தசையில் 3 முதல் 8 சதவீதம் வரை குறையும் என்கிறார்கள். பயன்படுத்தாவிட்டால் இன்னும் வேகமாகப் போகும். அப்புறம் இந்தத் தொப்பை. "வயசானா உடம்பு கலோரி எரிக்கிற வேகம் குறைஞ்சிடும்" என்று எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம் இல்லையா? 29 நாடுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 2021இல் வெளியான ஆய்வு, உடல் அளவைக் கணக்கில் எடுத்தால் இருபதிலிருந்து அறுபது வரை அந்த வேகம் ஏறக்குறைய மாறுவதே இல்லை என்கிறது. தொப்பையை வயதின் தலையில் கட்ட முடியாது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவதிலிருந்து ஆரம்பிக்கலாம். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். "அப்பாடா" இப்போது பாதியாகக் குறைந்திருக்கிறது.

* * *

எனக்கும் தங்கைக்கும் நேற்று நடந்த பேச்சு, அப்படியே:

"அவரைப் பார்த்தேன்டி."
"யாரை?"
"அதான், அந்த... உயரமா, இவங்களோட தம்பி."
"எவங்களோட?"
"நம்ம பழைய வீட்டு மாடியில இருந்தாங்களே, எப்பவும் சிரிச்சிக்கிட்டே."
"ஓ, அவரா! அவர் வேலையை விட்டுட்டாரே."
"ஆமா, இப்ப அங்க இருக்காராம்."
"அங்கயா? நல்லதாப் போச்சு."

ஒரு பெயர், ஓர் ஊர் கிடையாது. ஆனால் இருவருக்கும் எல்லாம் புரிந்தது. பக்கத்தில் இருந்த என் மகள் புத்தகத்தை மூடிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயர்தான் முதலில் நழுவுகிறது. ஒரு மனிதரின் தொழில், முகம், குணம் எல்லாம் பல நினைவுகளோடு பின்னிக் கிடக்கும். பெயருக்கு அப்படிப் பிடிமானம் இல்லை. எப்போதாவது பெயர் நழுவுவதை நினைத்துக் கலங்க வேண்டாம். நமக்குத் தெரிந்த சொற்களின் எண்ணிக்கையோ அறுபதுகள் வரைக்கும் கூடிக்கொண்டே போகிறது. அவருடைய பெயர் ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது தானாக வந்தது. உடனே தங்கைக்கு மெசேஜ் போட்டேன். அவள் அதற்கு முன்பே போட்டுவைத்திருந்தாள்.

* * *

காதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. அண்ணன் பிள்ளைகள் ஃபோனில் ஏதோ ஒரு சத்தத்தைப் போட்டுவிட்டு காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். பெரியவர்கள் நாங்கள் ஒன்றும் நடக்காதது போலப் பேசிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு அப்படி ஒரு சத்தமே கேட்கவில்லை.

வயது ஏறும்போது மிகக் கூர்மையான ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகின்றன. பிரிட்டனில் ஹோவர்ட் ஸ்டேபிள்டன் என்பவர் 2005இல் இதை வைத்தே ஒரு கருவி செய்தார். கடை வாசலில் கும்பலாக நிற்கும் இளைஞர்களை மட்டும் விரட்டும். நம்மைப் போன்றவர்கள் நிம்மதியாக உள்ளே போகலாம். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? அதே ஒலியை ரிங்டோன் ஆக்கி, ஆசிரியருக்குக் கேட்காமல் வகுப்பில் மெசேஜ் வாங்கினார்கள். ஸ்டேபிள்டனுக்கும் இக் நோபல் கிடைத்தது, 2006இல்.

இன்னொன்று. 'ஸ', 'ஃப' மாதிரியான ஒலிகளும் கூர்மையான பக்கம்தான் இருக்கின்றன. "இந்தக் காலத்துப் பிள்ளைங்க எல்லாம் வாய்க்குள்ளயே பேசுதுங்க" என்று தோன்ற ஆரம்பித்தால், காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். என் கணவர் பரிசோதித்துக்கொண்டார். டிவி சத்தம் குறைந்து வீடு அமைதியாகிவிட்டது.

* * *

நான் சைடு ஸ்டாண்ட் ஆள். எதிரே வருகிற பைக்கில் ஸ்டாண்ட் மடக்காமல் தொங்கினால், என்னை அறியாமல் கை போய்விடும். "தம்பி, ஸ்டாண்ட், ஸ்டாண்ட்!" இளைஞனாக இருந்தபோது பெரியவர்கள் எனக்கு இப்படிக் கத்தியிருக்கிறார்கள். இப்போது என் முறை. ஷூ கயிறு அவிழ்ந்திருந்தால் சொல்வேன், பின்சீட்டில் துப்பட்டா சக்கரத்தின் பக்கம் பறந்தால் வண்டியைப் பக்கத்தில் கொண்டுபோயே சொல்வேன். அந்த இரண்டு விநாடியில் ஒருவர் கீழே விழாமல் போகிறார் என்றால், அங்கிள் என்று எத்தனை பேர் வேண்டுமானாலும் கூப்பிடட்டும்.

* * *

முதலில் எழுதியவள்தான் மறுபடி வந்திருக்கிறேன். சைடு ஸ்டாண்ட் அண்ணா சொன்னதைப் படித்ததும் எரிக் எரிக்சன் நினைவுக்கு வந்தார். மனித வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து 1950இல் எழுதிய உளவியலாளர். நடுவயதின் முக்கிய வேலை, அடுத்து வருகிறவர்கள்மேல் அக்கறை வைப்பதும் அவர்களுக்கு வழி காட்டுவதும்தான் என்றார். அது கிடைக்காதபோது மனிதர் தேங்கிப்போகிறார் என்றும் சொன்னார். நம்மை வைத்துப் பிள்ளைகள் செய்கிற கேலியில் பாதி இதைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடு, குடை எடுத்தியா, இருட்டில் படிக்காதே. இதையெல்லாம் நிறுத்துகிற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கோடு போட்டுக்கொண்டேன். கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது, ஏன் இப்படி இளைத்தாய், ஏன் இப்படிப் பருத்தாய்: இந்தக் கேள்விகள் அக்கறையில் சேராது. இளம்வயதில் இதைக் கேட்டுக் கேட்டு நொந்தவர்கள் நாம். அதை நம்மோடு நிறுத்திவிடலாமே.

* * *

எனக்கு இருபத்தாறுதான், இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை. வேலை முடிந்து வர ஒருநாள் ரொம்ப நேரமாகிவிட்டது. பஸ் நிறுத்தத்தில் தனியாக நின்றேன். முன்பின் தெரியாத ஓர் ஆன்ட்டி வந்து பக்கத்தில் நின்றார். அவருடைய பஸ் வந்தது, அவர் ஏறவில்லை. கேட்டதற்கு, "அடுத்தது வரும்மா, நீ முதல்ல ஏறு" என்றார். என் பஸ் வரும் வரை பேசிக்கொண்டே நின்றார். ஃபோனில் சார்ஜ் இருக்கிறதா என்றும் கேட்டார்.

இப்போது என் தம்பி வெளியே கிளம்பினால், "சார்ஜ் இருக்கா, பவர் பேங்க் எடுத்தியா?" என்று நான் கேட்கிறேன். போன வாரம் அவன் என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டுவிட்டு ஓடினான். பவர் பேங்கை எடுத்துக்கொண்டுதான் ஓடினான்.