வீட்டுச் சமையலுக்குக் கிளவுஸ் போட வேண்டுமா?

வளவுவீட்டு மருமகள் (தேவகோட்டை):

எல்லோருக்கும் வணக்கம். வெயில் ஏறிவிட்டது, வீட்டில் மோர் மிளகாய் போடத் தொடங்கிவிட்டோம். ஒவ்வொரு மிளகாயாகக் கீறி உப்பு மோரில் போட்டு முடிப்பதற்குள் விரல் நுனியெல்லாம் காந்த ஆரம்பித்துவிடுகிறது, ராத்திரி வரைக்கும் அடங்குவதில்லை, கைப்பிள்ளையைத் தொட்டுத் தூக்கவே பயமாக இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு என் நாத்தனார் சென்னையிலிருந்து ஒரு டப்பா கிளவுஸ் வாங்கி வந்து, "அண்ணி, மிளகாய்க்கு மட்டுமில்லை, இனி எல்லாச் சமையலுக்கும் இதைப் போட்டுக்கொள்ளுங்கள், அதுதான் சுத்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. கிளவுஸ் போட்டுக் கரைத்தால் இட்லி மாவு பொங்காது என்கிறார்.

உண்மையில் எல்லாவற்றுக்கும் போட வேண்டுமா? கோழி கழுவ, மாவு பிசைய, காய் நறுக்க? கடையில் பாலிதீன், லேடெக்ஸ், நைட்ரைல் என்று பல வகை வைத்திருக்கிறார்கள், எது சமையலுக்கு ஆகும்? இன்னொன்று, தெரிந்தவர்கள் கேட்டால் மாவுருண்டை செய்து கொடுக்கிறேன், வாங்குகிற ஒருவர் கிளவுஸ் போட்டுத்தான் பிடிக்கிறீர்களா என்று கேட்டார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காரைக்குடி நர்ஸக்கா:

தங்கச்சி, மிளகாய்க்குத் தாராளமாகப் போடுங்கள், அதில் யோசிக்கவே வேண்டாம். காந்தலுக்குக் காரணம் மிளகாயில் இருக்கிற கேப்சைசின். அது எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது, அதனால்தான் குழாயடியில் எத்தனை முறை கழுவினாலும் எரிச்சல் அப்படியே நிற்கிறது. அடுத்த முறை காந்தினால் முதலில் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ கை முழுக்க, நக இடுக்கிலும் தேய்த்துவிட்டு, தண்ணீர் படாமல் அதன் மேலேயே பாத்திரம் விளக்கும் சோப்பைப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறமும் இருந்தால் குளிர்ந்த தயிரில் கொஞ்ச நேரம் கையை வைத்திருங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், எரிச்சல் கூடும். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர் என்றால் இதைச் செய்து முடித்த பிறகுதான் பிள்ளையைத் தொட வேண்டும், கண்ணில் பட்டுவிட்டால் அது படுகிற பாடு சொல்லி முடியாது.

எல்லாச் சமையலுக்கும் போட வேண்டுமா என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆஸ்பத்திரியில் பல வருஷம் கிளவுஸ் போட்டே வேலை பார்த்தவள் சொல்கிறேன், அது கையைச் சுத்தமாக்குவதில்லை. கிளவுஸ் போட்ட கையால் கோழியைத் தொட்டு, அதே கையால் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து, உப்பு டப்பாவை எடுத்து, போன் அடித்தால் அதையும் எடுத்துப் பேசினால், கோழியில் இருக்கிற சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் என்கிற வயிற்றுப்போக்குக் கிருமிகள் வீடு முழுக்கப் போய்விடும். வெறும் கை என்றால் பிசுபிசுப்பு தெரியும், உடனே கழுவத் தோன்றும். கிளவுஸ் போட்டால் அந்த உணர்வே போய்விடுகிறது. உணவகங்களில் பார்த்த ஆய்வுகளிலும் கிளவுஸ் போட்டிருந்தவர்கள் கை கழுவுவது குறைந்திருந்ததாகத்தான் வந்திருக்கிறது. போடுவதற்கு முன்னால் கழுவ வேண்டும், கழற்றிய பிறகும் கழுவ வேண்டும், கோழி வேலை முடிந்ததும் கழற்றிப் போட்டுவிட வேண்டும். இவ்வளவும் செய்ய முடிந்தால் போடுங்கள். இல்லையென்றால் சோப்புப் போட்டு 20 நொடி, விரல் இடுக்கு, கட்டை விரல், நகம் எல்லாம் தேய்த்துக் கழுவினாலே போதும்.

கோழியை ஓடுகிற குழாய்த் தண்ணீரில் வைத்துக் கழுவாதீர்கள். தெறிக்கிற தண்ணீர் பக்கத்தில் இருக்கிற பாத்திரத்தில், வெங்காயத்தில் எல்லாம் படும். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் பாத்திரத்தில் தண்ணீர் நிறைத்து மெதுவாக அலசி ஊற்றுங்கள், பிறகு சிங்க் தொட்டியையும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

விரலில் வெட்டுக்காயமோ கொப்புளமோ இருந்தால் மட்டும் பேச்சே வேறு. காயத்தில் இருக்கிற ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி சாப்பாட்டில் இறங்கி, அந்தச் சாப்பாடு வெளியில் வெகு நேரம் இருந்தால் நஞ்சை உண்டாக்கிவிடும், அந்த நஞ்சு பிறகு கொதிக்க வைத்தாலும் அழியாது. அன்றைக்கு பிளாஸ்திரி ஒட்டி அதன் மேல் கிளவுஸ் கட்டாயம்.

கோட்டையூர் சமையல்:

அக்கா சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன், இதை யாரும் சொல்வதில்லை. கிளவுஸ் போட்ட கையோடு அடுப்புப் பக்கம் போகாதீர்கள்! அந்த லொடலொட பாலிதீன் கிளவுஸ் இருக்கிறதே, கேஸ் அடுப்புச் சுவாலை லேசாகப் பட்டால் போதும், உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். எண்ணெய்ச் சட்டி கொதிக்கும்போதும் அப்படித்தான். கல்யாண வீட்டில் புதிதாக வேலைக்கு வருகிற பையன்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். பரிமாறும்போது, சாலட் நறுக்கும்போது, பந்தியில் இனிப்பு எடுத்து வைக்கும்போது போடு, வாணலிக்கு முன்னால் கழற்று.

இட்லி மாவு விஷயத்தில் மாமியார் கவலைப்பட வேண்டாம். மாவைப் பொங்க வைக்கிற பாக்டீரியா முக்கியமாக உளுந்தோடேயே வருகிறது, வேலை செய்வது அதுதான். பெரிய கிரைண்டர்களில் அரைத்துக் கரண்டியால் கலக்கி விற்கிற மாவும் பொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மார்கழிக் குளிரில் பொங்காமல் போனால் அது குளிரின் வேலை. வீட்டில் சுத்தமான கையால் கரைப்பதில் தப்பே இல்லை, உப்பும் மாவும் சேர்ந்த பதம் விரலுக்குத்தான் தெரியும், கிளவுஸ் போட்டுக் கரைக்க அங்கே அவசியமும் இல்லை.

மிளகாய் தவிர இன்னும் சில வேலைகளுக்கு நான் போடச் சொல்வேன். கருணைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் தோல் சீவும்போது, ஈரக் கையோடு தொட்டால் அரிப்பு பிடுங்கி எடுக்கும், கிழங்கில் இருக்கிற கால்சியம் ஆக்ஸலேட் ஊசி மாதிரி தோலில் ஏறுவதுதான் காரணம். வாழைப்பூ ஆய்கிறபோது கறை பிடிக்காமல் இருக்கவும் உதவும், ஆனால் அதற்குக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டாலே சரி.

பள்ளத்தூர் பலகாரம்:

மாவுருண்டை கேள்வி என் தொழில், அதனால் விரிவாகவே சொல்கிறேன். நான் வைத்திருக்கிற கணக்கு இதுதான்: என் கை பட்ட பிறகு அந்தப் பண்டம் அடுப்பேறுமா, ஏறாதா? கைமுறுக்கு சுற்றுகிறோம், சீப்பு சீடையை விரலில் சுற்றி ஒட்டுகிறோம், எல்லாம் அதன் பிறகு கொதிக்கிற எண்ணெயில் வேகிறது. அங்கே நன்றாகக் கழுவின வெறும் கைதான். முறுக்குக்குக் கிளவுஸ் போட்டுப் பார்த்தால் தெரியும், மாவு இழை விரலில் உருள வேண்டிய இடத்தில் வழுக்கிக்கொண்டு போகும், முறுக்கேறாது.

மாவுருண்டை அப்படியில்லை. பாசிப்பருப்பை வறுத்து அரைத்துச் சர்க்கரை சேர்த்து நெய்யைக் காய்ச்சி ஊற்றிப் பிடித்த பிறகு அது அடுப்பையே பார்ப்பதில்லை, கையிலிருந்து நேராக வாய்க்குப் போகிறது, நாலைந்து நாள் டப்பாவிலும் இருக்கிறது. எள்ளுருண்டையும் அதே ஜாதி. இதற்கு நான் கட்டாயம் கிளவுஸ் போடுகிறேன், ஆறிய பலகாரத்தை எண்ணிப் பொட்டலம் போடும்போதும் போடுகிறேன். கையோடு ஒட்டிப் பிடிக்கிற நைட்ரைல் (செயற்கை ரப்பர்) வாங்குங்கள், உங்கள் கை அளவு பார்த்து. லொடலொட பாலிதீனில் உருண்டை இறுகாது, அமுக்கும்போது கிளவுஸ் மடிப்பு உள்ளே போய் உருண்டை விரியும். நெய் சூடாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும் என்பதால் முதலில் கரண்டியால் கிளறி, கை தாங்குகிற சூட்டுக்கு வந்ததும் பிடியுங்கள்.

வினைல் கிளவுஸ் மலிவாகக் கிடைக்கும், அதை நெய், எண்ணெய் சேர்ந்த பண்டத்துக்கு வாங்காதீர்கள். அந்த பிளாஸ்டிக்கை இளக வைக்கச் சேர்க்கிற தாலேட் மாதிரிப் பொருட்கள் கொழுப்பில் இறங்கக்கூடியவை. லேடெக்ஸும் வேண்டாம், ரப்பர் பால் ஒவ்வாமை இருக்கிறவர்களுக்கு அது தொட்ட பண்டத்தைச் சாப்பிட்டாலே ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அமெரிக்காவில் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் உணவகங்களில் அதைப் போடவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. டப்பாவில் தம்ளரும் முள்கரண்டியும் சேர்ந்த படம் இருக்கிறதா, பவுடர் இல்லாதது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நீங்கள் காசுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் வீட்டிலிருந்து செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். கேட்கிற வாடிக்கையாளரிடம் மறைக்காமல் எதற்குப் போடுகிறோம், எதற்குப் போடுவதில்லை என்று சொல்லிவிடுங்கள். நான் அப்படித்தான் சொல்கிறேன், ஒருத்தரும் கோபித்துக்கொண்டது இல்லை.

வளவுவீட்டு மருமகள்:

ரொம்ப நன்றி அக்கா, ஆச்சி, அண்ணே. அடுப்பேறுமா ஏறாதா என்ற கணக்கை மாமியாரிடம் சொன்னேன், "அது சரிதான், கோழிக்கும் மாவுக்கும் ஒரே கையா" என்றார், மோர் மிளகாய்க்கு அவரும் போட்டுக்கொள்ள ஒத்துக்கொண்டார். நாத்தனார் வாங்கி வந்த டப்பாவைப் பார்த்தேன், லேடெக்ஸ், பவுடர் போட்டது. மிளகாய்க்காவது அதைப் பயன்படுத்தலாமா? ஒரு நாள் முழுக்கக் கீற வேண்டியிருக்கும், அதற்கு எத்தனை ஜோடி ஆகும் என்று மலைப்பாக இருக்கிறது.

காரைக்குடி நர்ஸக்கா:

மெல்லிய லேடெக்ஸ் வழியாகக் கேப்சைசின் நேரம் ஆக ஆக ஊறி உள்ளே வந்துவிடும், பவுடரும் மிளகாயில் உதிரும். அதை வீட்டில் வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், யாருக்காவது போட்டதும் கை தடித்தால் அதுவும் வேண்டாம். நைட்ரைல் நன்றாகத் தாங்கும், நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள், கிழிந்தால் அந்த நிமிடமே மாற்றுங்கள். ஒரு நாள் முழுக்க வேலை என்றால் ஏன் தூக்கியெறிகிற கிளவுஸே வாங்க வேண்டும்? கொஞ்சம் தடித்த, கழுவி வைக்கிற ரப்பர் கையுறை ஒரு ஜோடியை மிளகாய்க்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பாத்திரம் விளக்குவதோடு கலக்க வேண்டாம். வேலை முடிந்ததும் கையில் போட்டிருக்கும்போதே எண்ணெய், சோப்பு போட்டுக் கழுவி, பிறகு உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி உருவிக் கழற்றி நிழலில் காயவிடுங்கள்.

செக்காலை ரோடு:

எனக்குக் கையில் கரப்பான் என்கிற தோல் நோய், பூண்டும் தக்காளியும் பட்டாலே வெடித்துவிடும், அதனால் நறுக்குகிற வேலைக்கெல்லாம் நான் போட்டுத்தான் ஆக வேண்டும், டாக்டரும் அப்படித்தான் சொன்னார். என்னைப் போன்றவர்கள் உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டு அதற்கு மேல் நைட்ரைல் போட்டால் வியர்வையில் ஊறாது, தொடர்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்காமல் கழற்றி ஆறவிடுவதும் நல்லது.

கழற்றியதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோழி ரத்தம் பட்ட கிளவுஸைத் திறந்த குப்பையில் போட்டால் தெரு மாடும் நாயும் இழுத்துத் தின்கின்றன, எங்கள் தெருவில் கண்ணாலேயே பார்க்கிறேன். கொல்லையில் போட்டுக் கொளுத்தவும் வேண்டாம், வினைல் எரிகிற புகை ரொம்பக் கெடுதல். பழைய செய்தித்தாளில் சுருட்டி மூடிய வாளியில் போட்டு, குப்பை வண்டி வரும்போது மக்காத குப்பையோடு கொடுத்துவிடுங்கள்.