செங்கோட்டை வாடகை வீடு: சுவர் ஓதம், ஒழுகும் குழாய் யார் பொறுப்பு?

புளியரை: சாரல் தொடங்கினதும் குளியலறையை ஒட்டின சுவர்ல ஓதம் ஏறுது. குழாய் (டேப்) சொட்டுது, ஒரு ஸ்விட்சும் போச்சு. எல்லாமே குடியிருக்கிறவர் செலவுதான்னு வீட்டுக்காரர் சொல்றார். சரியா?

மேக்கரை: இல்லை. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா, தமிழ்நாட்டு 2017 வாடகைச் சட்டத்தோட இரண்டாம் அட்டவணைதான் கணக்கு. குழாய், வாஷர், ஸ்விட்ச், பூட்டு, சன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு உங்களது. கட்டுமானம், பைப் மாற்றுவது, வயரிங், வெள்ளையடிப்பு அவரது. நீங்க உடைச்சிருந்தா மட்டும் கதை வேற.

குண்டாறு: சண்டைக்கு முன்னாடி ஓதம் எங்கிருந்து வருதுன்னு பிடிங்க. முதல்ல சொட்டுற குழாய்க்கு வாஷர் மாத்துங்க, இல்லன்னா சோதனை தப்பாகும். (புது வாஷர் போட்டும் சொட்டினா உள்ளே அது உட்கார்ற இடம் தேஞ்சிருக்கும். குழாயையே மாத்திடுங்க.) ராத்திரி எல்லாத்தையும் அடைச்சு, மோட்டார் போடாம, டேங்க்ல தண்ணி மட்டத்துக்குக் கோடு போடுங்க. காலையில இறங்கியிருந்தா பைப் கசிவு. இறங்காம, மழை நாள்ல மட்டும் ஈரம் கூடினா வெளிப்பூச்சு வெடிப்பையும் மொட்டைமாடி ஓரத்தையும் பாருங்க. ரெண்டும் வீட்டுக்காரர் வேலைதான். கசிவை அடைக்காம உள்பக்கம் பெயின்ட் அடிக்க விடாதீங்க, கொப்புளிச்சு உரியும்.

புளியரை: செய்ய மாட்டேன்னா?

மேக்கரை: போட்டோவோட எழுத்துல கேளுங்க, வாட்ஸ்அப்பும் போதும். மறுத்தா நீங்களே செஞ்சு செலவை வாடகையில கழிக்கலாம், சட்டம் அனுமதிக்குது. ஆனா கொத்தனார் மதிப்பீட்டை முன்கூட்டியே அனுப்பிடுங்க, ரசீதை வைங்க. சொல்லாம கழிச்சா வாடகை பாக்கின்னு திருப்பிடுவார். ஆரியங்காவு பக்கம் வீடுன்னா இதெல்லாம் பொருந்தாது, அங்கே கேரளாவோட 1965 சட்டம்.