கலைச்சொல்: வரைகலை அட்டைக்கு வேண்டியது இணக்கமா, பொருத்தமா?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய கணினியில் புதிய இயங்குதளம் நிறுவுவோருக்கான கையேட்டில் 'கம்பேட்டிபிள்' என்பதற்கு இணக்கம், ஒத்திசைவு, பொருத்தம் மூன்றும் கலந்து கிடக்கின்றன. ஒத்திசைவை விட்டுவிடலாம், கைபேசியில் தொடர்புகளை 'சிங்க்' செய்வதற்கு அது நிலைத்துவிட்டது. மற்ற இரண்டில் 'இணக்கம்' என் முன்மொழிவு. 'விண்டோஸ் 11 இணக்கமுள்ள வரைகலை அட்டை' (கிராபிக்ஸ் கார்டு) என்பது சொல்லவும் படிக்கவும் எளிது. கருத்துச் சொல்லுங்கள்.

---

மறுமொழி:

> 'இணக்கம்' என் முன்மொழிவு

ஐயா, எனக்கு உடன்பாடில்லை. இணக்கம் என்றால் உண்டு, இல்லை என்று ஒரே விடையோடு முடிந்துவிடுகிறது. அட்டை வாங்குபவர் ஏமாறுவது அந்த ஒரே விடையால்தான். தமிழில் 'பொருத்தம்' என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு பழக்கம் உண்டு. ஜாதகத்தில் தினம், கணம், யோனி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். ஒன்பது இருந்தும் ரஜ்ஜு இல்லையென்றால் வேண்டாம் என்பவர்கள் உண்டு. வரைகலை அட்டைக்கும் அப்படித்தான். இடப்பொருத்தம், தொடக்கப் பொருத்தம், இயக்கிப் (டிரைவர்) பொருத்தம் என்று மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

இடப்பொருத்தம் எளிது. தாய்ப்பலகையில் அட்டை அமரும் செருகுவாய் தரும் மின்சாரம் 75 வாட் வரைதான். அதற்கு மேல் கேட்கும் அட்டைக்கு, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்-இலிருந்து 6 முனை அல்லது 8 முனைக் கம்பி வேண்டும். அலுவலகங்களில் இருந்து வரும் சிறிய பெட்டிகளில் பெரும்பாலும் அது இருக்காது. என்விடியாவின் ஜிடி 1030 அட்டை சுமார் 30 வாட்டில் ஓடிவிடும். அப்பெட்டிகளுக்கு அரை உயர அட்டையும் குட்டைத் தகடும் தேவை. அட்டைக்கும் பலகைக்கும் இடையே தரவு போகும் தடங்களையும் எண்ணிப் பாருங்கள். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 அட்டை, பிசிஐ எக்ஸ்பிரஸ் என்னும் அந்த இணைப்பின் 4.0 பதிப்பில் 4 தடம் மட்டுமே கொண்டது. 2011 காலத்து 2.0 பலகையில் செருகினால் நொடிக்கு சுமார் 8 ஜிபி போக வேண்டிய வழி 2 ஜிபி ஆகிவிடும். அட்டையின் 4 ஜிபி நினைவகம் நிரம்பும்வரை பெரிதாகத் தெரியாது, நிரம்பியதும் படம் திக்கத் தொடங்கும்.

தொடக்கப் பொருத்தம்தான் ரஜ்ஜு. இதைக் கையேட்டில் விரிவாக எழுத வேண்டும். கணினி உயிர்பெறும்போது, இயங்குதளம் வருமுன், திரையில் படம் காட்டுவது அட்டையிலேயே பதிந்துள்ள மென்பொருளான நிலைபொருள் (ஃபர்ம்வேர்). 2012-க்கு முந்தைய பல அட்டைகளில் பழைய பயாஸ் முறைக்கான நிலைபொருள் மட்டுமே உண்டு. பயாஸுக்குப் பின் வந்த புதிய தொடக்க முறையான யூஇஎஃப்ஐ-இல் படம் காட்டுவதற்கான ஜிஓபி என்ற பகுதி இருக்காது. விண்டோஸ் 11 பாதுகாப்பான தொடக்கம் ('செக்யூர் பூட்') செய்யத்தக்க யூஇஎஃப்ஐ கேட்கிறது. பாதுகாப்பான தொடக்கத்தை இயக்க, பழைய பயாஸ் முறையைத் தாங்கும் சிஎஸ்எம் என்ற அமைப்பை அணைக்க வேண்டும். அணைத்ததும் ஜிஓபி இல்லாத அட்டை வாய்மூடிவிடும்: மின்விசிறி சுற்றும், திரை 'சிக்னல் இல்லை' என்னும், சில பலகைகளில் ஒரு நெடிய, இரு குறுகிய பீப் கேட்கும். அட்டை பழுதல்ல, இயக்கியும் காரணமல்ல. பலகையில் உள்ளமை வரைகலை இருந்தால் திரைக் கம்பியை அதில் மாற்றிச் செருகி சிஎஸ்எம்-ஐ மீண்டும் இயக்கலாம். இல்லையென்றால் பலகையின் அமைப்புகள் பதிந்திருக்கும் சிமாஸை அழிக்க வேண்டும். வாங்குமுன் பார்க்க வழி உண்டு: ஜிபியு-இசட் மென்பொருளில் பயாஸ் பதிப்புக்குப் பக்கத்தில் யூஇஎஃப்ஐ என்ற கட்டம் டிக் ஆகியிருக்கிறதா என்று விற்பவரிடம் படம் கேளுங்கள்.

இயக்கிப் பொருத்தத்துக்கு ஜிடி 730-ஐவிடத் தெளிவான சான்று கிடையாது. பெட்டியில் ஒரே பெயர், உள்ளே இரண்டு தலைமுறைச் சில்லுகள். நினைவகப் பாதை 128 பிட் உள்ள டிடிஆர்3 வகை ஃபெர்மி என்னும் பழைய தலைமுறை. 64 பிட் வகைகள் அதற்கடுத்த கெப்லர். லினக்ஸில் ஃபெர்மிக்குக் கடைசி இயக்கி 390 வரிசை, என்விடியா அதை 2022-உடன் நிறுத்தியது. கெப்லருக்கு 470 வரிசை, அதுவும் 2024-இல் முடிந்தது. லினக்ஸின் மையமான கெர்னல் புதிதாக இருந்தால் இவற்றைத் தொகுக்கும்போது பிழை வருவது அதனால்தான். முனையத்தில் எல்எஸ்பிசிஐ கட்டளை இட்டால் வரும் வரியில் ஜிஎஃப்108 என்றிருந்தால் ஃபெர்மி, ஜிகே208 என்றிருந்தால் கெப்லர். அட்டையின் மேல் ஒட்டிய தாளை நம்ப வேண்டாம்.

ஏஎம்டியில் நிலைமை மேல். ஹெச்டி 6450 போன்ற பழையவற்றுக்கும் கெர்னலுக்குள்ளேயே ரேடியான் இயக்கி இருக்கிறது. புதிய விளையாட்டுகள் கேட்கும் வரைகலை இடைமுகமான வல்கன் மட்டும் கிடைக்காது. நிலைபொருள் கோப்பு இல்லாவிட்டால் குறைந்த நுணுக்கத்தில் திரை வரும். டெபியன் என்னும் லினக்ஸ் வகையில் 12-ஆம் பதிப்பு முதல் நிறுவும் வட்டிலேயே அது சேர்ந்து வருகிறது.

---

மறுமொழி:

ஏற்கிறேன், பொருத்தமே இருக்கட்டும். ஒரு திருத்தம்: மின்சாரத்தை இடத்துக்குள் அடக்காதீர்கள். செருகுவாயில் அட்டை அமர்வதும் எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்குவதும் வேறுவேறு. 'மின்பொருத்தம்' தனியாக வேண்டும்.

பொருந்தாமைக்கு 'ஒவ்வாமை' என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். பேச்சிலும் 'ஒத்துக்கலை' என்றுதான் சொல்கிறோம். ஆனால் அது நோய்ப்பெயர் ஆகிவிட்டது, விட்டுவிடுவோம்.

---

மறுமொழி:

மின்பொருத்தம் சரி, நான்காகவே வைப்போம். கையேட்டில் 'விண்டோஸ் 11 இணக்கமுள்ளது' என்ற வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

'இடம், மின்சாரம், தொடக்கம், இயக்கி ஆகிய நான்கு பொருத்தமும் பார்த்து வாங்குக. இயக்கிப் பொருத்தத்துக்கு விண்டோஸிலுள்ள டிஎக்ஸ்டயாக் என்ற சோதனைக் கருவியை ஓட்டி, அதில் இயக்கி மாதிரி ('டிரைவர் மாடல்') டபிள்யூடிடிஎம் 2.0 அல்லது அதற்கு மேல் என்று காட்டுகிறதா பார்க்கவும்.'

'இயக்கி மாதிரி' என்பதில் 'மாதிரி' இடிக்கிறது, 'போல' என்று படிக்கப்படலாம். 'இயக்கி வகைமை' என்று போடலாமா?