தங்கையின் மார்பக இம்பிளாண்ட் இறுகிவிட்டது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தோழிகளே, என் தங்கைக்காகக் கேட்கிறேன். 8 வருடத்துக்கு முன் மார்பகத்தைப் பெரிதாக்க சிலிகான் இம்பிளாண்ட் வைத்துக்கொண்டாள். நாலு மாதமாக இடது பக்கம் மட்டும் கல் மாதிரி இறுகி, சற்று மேலே ஏறித் தெரிகிறது. ஒருக்களித்துப் படுத்தால் வலி.

இம்பிளாண்டைச் சுற்றி உடம்பே உருவாக்கும் தழும்புச் சவ்வு தடித்து நெருக்குகிறது, எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். சவ்வு எல்லோருக்கும் உருவாகுமாம், இறுகுவதுதான் சிக்கல். இம்பிளாண்டின் உறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எழுதியிருக்கிறார். சிலிகான் கசிந்தாலும் வெளியே தெரியாமலே இருக்கலாம். இது ஆயுசுக்கும் வைத்திருக்கும் பொருள் இல்லை என்று அன்றைக்கு யாரும் எங்களை உட்காரவைத்துச் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்பிளாண்டுகளால் அரிதாக ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் வருவதால், 2019இல் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. இவளுடையது எந்த வகை என்றே தெரியவில்லை. அப்போது கொடுத்த அட்டையைக் காணோம்.

எடுத்தவர்கள் சொல்லுங்கள்: புதிது வைத்தீர்களா, அப்படியே விட்டீர்களா? மறுபடி இறுகியதா? அப்புறம் தாய்ப்பால் கொடுக்க முடிந்ததா? பழைய ஆபரேஷன் குறிப்பை ஆஸ்பத்திரியில் எப்படிக் கேட்டு வாங்கினீர்கள்? அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறோம்.