சமோராவின் புகழ் விருதால் வந்ததா, ஆட்டத்தால் வந்ததா?

கேள்வி
ஸ்பெயினின் முதன்மைக் கால்பந்து லீகான லா லிகாவில் ஒவ்வொரு பருவத்திலும் ஆட்டத்திற்குச் சராசரியாக மிகக் குறைந்த கோல்களை விட்டுக்கொடுக்கும் கோல்காப்பாளருக்குச் சமோரா விருது வழங்கப்படுகிறது. அந்தப் பெயருக்குரிய ரிக்கார்டோ சமோரா 1920களிலும் 1930களிலும் ஆடியவர். இப்படியொரு விருது இல்லாதிருந்தால் இன்று அவரை நினைவில் வைத்திருப்போமா?

முதல் பதில்
நிச்சயமாக வைத்திருப்போம். 'மார்க்கா' நாளிதழ் அந்த விருதை 1958-59 பருவத்தில்தான் தொடங்கியது. அதற்கு வெகுகாலம் முன்பே ஸ்பானியர்கள் அவரைத் 'தெய்வீகர்' என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். 1901-இல் பார்சிலோனாவில் பிறந்த அவர், 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் டென்மார்க்கை 1-0 என்று வென்ற ஆட்டத்தில், அதாவது ஸ்பெயின் ஆடிய முதல் சர்வதேச ஆட்டத்திலேயே, கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றார். வெள்ளிப் பதக்கத்துடன் திரும்பிய அந்தத் தொடரில், இத்தாலிக்கு எதிரான ஆட்டத்தில் நடுவர் அவரை வெளியேற்றினார் என்பதும் உண்மை. தெய்வீகருக்குக் கோபமும் வந்திருக்கிறது. நாட்டுக்காக மொத்தம் 46 ஆட்டங்கள் ஆடினார். 1929-இல் மாட்ரிட்டில் ஸ்பெயின் இங்கிலாந்தை 4-3 என்று வீழ்த்தியபோதும் அவரே காப்பாளர்; பிரிட்டன், அயர்லாந்துக்கு வெளியே உள்ள ஓர் அணியிடம் இங்கிலாந்து தோற்றது அதுவே முதல் முறை.

இரண்டாம் பதில்
மேலே எழுதிய நண்பர் 1931-ஐ விட்டுவிட்டார். லண்டன் ஹைபரி மைதானத்தில் அதே இங்கிலாந்து 7-1 என்று பழிதீர்த்தது. அன்றும் சமோராதான் காத்தார். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அது ஒரு காப்பாளரின் பெயரைக் கெடுத்திருக்க வேண்டிய நாள், ஆனால் ஸ்பெயினில் அவருடைய மதிப்பு அப்படியே நின்றது. அவருடைய புகழ் சராசரியால் அமைந்ததே இல்லை என்பதால், சராசரியை அளக்கும் விருதுக்கு அவர் பெயர் வைத்தது எனக்குச் சற்று முரணாகவே தோன்றுகிறது. இருப்பினும் 1931-32 பருவத்தில் அவர் ஆடிய மாட்ரிட் அணி (இன்றைய ரியல் மாட்ரிட்) ஓர் ஆட்டத்திலும் தோற்காமல், 18 ஆட்டங்களில் 15 கோல்களை மட்டுமே விட்டுக்கொடுத்து லீகை வென்றது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூன்றாம் பதில்
அவரைப் புரிந்துகொள்ள 1936 ஜூன் 21 ஒன்றே போதும் என்பேன். வலென்சியாவில் நடந்த ஸ்பானியக் கோப்பை இறுதியாட்டத்தில் மாட்ரிட் 2-1 என்று முன்னிலையில் இருக்க, முடியும் தறுவாயில் பார்சிலோனாவின் எஸ்கோலா அருகிலிருந்து உதைத்த பந்தை, புழுதி கிளம்பச் சரிந்து அவர் தடுத்தார். அந்தப் புகைப்படம் இன்றும் அச்சாகிறது. ஒரு மாதத்திற்குள் உள்நாட்டுப் போர் மூண்டது. அவர் கொல்லப்பட்டதாகப் பொய்ச் செய்தி பரவியபோது, உண்மையில் அவர் மாட்ரிட் சிறையில் இருந்தார். விடுதலையான பின் பிரான்சுக்குச் சென்று நீஸ் அணிக்கு ஆடினார். போர் முடிந்த பிறகு, இன்றைய அட்லெட்டிகோ மாட்ரிட்டின் முன்னோடி அணிக்குப் பயிற்சியாளராகி, 1940-லும் 1941-லும் லீகை வென்று கொடுத்தார்.

கேட்டவர்
மூவருக்கும் நன்றி. 1934 உலகக் கோப்பையில் இத்தாலியுடன் 1-1 என்று முடிந்த காலிறுதிக்கு மறுநாளே நடந்த மறு ஆட்டத்தில், சமோரா இல்லாத ஸ்பெயின் 0-1 என்று தோற்று வெளியேறியது. அந்த ஒற்றைக் கோலை அவர் தடுத்திருப்பாரா என்பதுதான் இனி என் கேள்வி. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.